ஆகிந்தி

பொதட்டூர்பேட்டைப் பள்ளிக்கு வடக்குச் சுவர் கிடையாது,
தறிச்சத்தம்தான் இருக்கிறது.
பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொன்னால்
அதுவும் கூடவே சொல்லும்
தடக்கு தடக்கு தடக்கு.

எனக்குப் பதினோரு பள்ளி. செவ்வாய் இங்கே.
பேச்சுப் பயிற்சி என்று ஆணையில் இருக்கிறது.
ஆணையில் இல்லாதது:
வாத்தியார் வராத ஆறாம் வகுப்பு,
எமிஸில் ஏறாத வருகைப் பதிவு,
"சும்மாதானே இருக்கீங்க மேடம்,
இந்த ஆதார் நம்பரை மட்டும் கொஞ்சம்..."
எட்டு மாதப் பயணப்படி பாக்கி.
பை நிறையப் பட அட்டைகள்
கப்பல், பனிக்கரடி, கலங்கரை விளக்கம்.
தறிக்கு அட்டை இல்லை.

மூன்றாம் வகுப்பு யுகந்தர்.
பெயருக்கு நேரே சிவப்பு மையில்
'பேச்சு வராது'.
அரிசி மூட்டைக்கும் முட்டை அட்டைக்கும் நடுவே உட்காரவைத்து
தமிழில் கேட்டேன்.
நகரி பஸ்ஸில் கற்ற தெலுங்கில் கேட்டேன்,
டிக்கெட் வாங்கத்தான் போதும் அது.
அவன் என் வாயையே பார்த்தான்.
கண்ணை இல்லை, வாயை.
இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி.

தலைமையாசிரியை வசந்தகோகிலம்.
பெயரில்தான் குயில்.
ஒருநாள் ஸ்டோர் ரூம் கதவில் சாய்ந்து
பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.
பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்?"
ஏழு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி,
கையில் பதில் இல்லை.
சத்தமில்லாத ஓர் இடம் என்று உளறினேன்.
"இந்த ஊர்லயா?"

அடுத்த செவ்வாய் முனிரத்தினம் சார் வந்தார்,
ஆறாம் வகுப்புக்கு என்னைக் கூப்பிட.
"அவங்க வேலையில இருக்காங்க.
ஆறாம் வகுப்புக்கு நான் போறேன்"
என்று சாக்பீஸோடு எழுந்துபோனார் அம்மா.
சார் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஒவ்வொரு தறியாக, மனசில்லாமல், ஓய்ந்தது.
எங்கோ ஒருவர் இருமுவது கேட்டது.
முட்டை அட்டைக்குள் ஒரு பல்லி நகர்வது கேட்டது.
யுகந்தர் தலை நிமிர்ந்தான்.
"ஆகிந்தி."

தெலுங்கில் அது 'நின்றது'.
என் தமிழ்க் காது அரை நொடி முந்திக்கொண்டு
'ஆகி' என்று கேட்டுவிட்டது,
ஏதோ ஒன்று ஆகியிருக்கிறது என்று.
இரண்டும் தப்பில்லை.

பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.
நாலு தறிக்கு நடுவே தொட்டில் கட்டியிருந்தது,
அம்மா ரெண்டு விரல் காட்டினால் தண்ணீர்,
புருவம் தூக்கினால் பாபின்,
சத்தத்தில் பேசுகிறவன் முட்டாள்,
யாருக்கும் கேட்காது.
கரண்ட் வந்ததும் வாயை மூடிக்கொண்டான்,
வேலை முடிந்த கடைக்காரர் ஷட்டரை இழுப்பதுபோல.

"பேசினானா?"
"பேசினான், கரண்ட் போனதால."
அம்மா கைதட்டவில்லை.
சாயங்காலம் பள்ளியைச் சுற்றி நடந்தார்,
ஒவ்வோர் அறையிலும் நின்று காது கொடுத்து.
தறி குறைவாகக் கேட்பது தென்கோடி அறை,
அது அவருடையது.
வெள்ளிக்கிழமை மேசை, பீரோ, தேசத்தலைவர்கள் எல்லாம்
வடக்கே குடிபோனார்கள்.
மூன்றாம் வகுப்பு தெற்கே வந்தது.

சிவப்பு மையை நான் அடிக்கப் போனேன். தடுத்தார்.
"எழுதினவங்களே அடிக்கட்டும்."
சாந்தகுமாரி டீச்சர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.
அடித்தார். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

படிவத்தில் முன்னேற்றத்துக்குச் சதவீதம் கேட்கிறார்கள்.
சில நாள் நாலு வார்த்தை. சில நாள் ஒன்றுமில்லை.
பயணப்படி இன்னும் வரவில்லை.

நேற்று வடக்கு அறை வாசலில் நின்று
அம்மாவிடம் ஏதோ கேட்டேன்.
தறி விழுங்கிவிட்டது.
அவர் என் வாயைப் பார்த்தார், தலையசைத்தார்,
என்னைத் தாண்டி வராந்தாவைப் பார்த்து
ரெண்டு விரலைத் தூக்கினார்.

செம்பைத் தளும்பத் தளும்ப எடுத்துக்கொண்டு
யுகந்தர் வந்தான்.